வெள்ளைப் பணியாரமும் ஸ்பார்க்ளிங் ஒயினும்: காரைக்குடியில் ஏழு வருஷ அனுபவம்

ஒயின் ஷாப் என்று நம்மூரில் சொன்னால் எல்லோருக்கும் ஒரே படம்தான் மனதில் வரும். கம்பி வலை, கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து, வாங்கியதும் கிளம்ப வேண்டியதுதான். நான் ஒயின் கற்றுக்கொண்ட கடை வேறு மாதிரி. சிங்கப்பூரில் பதினோரு வருஷம் வேலை பார்த்தபோது வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஒயின் கடை இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பாட்டிலைத் திறந்து வைத்து வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் ஊற்றித் தருவார்கள். பாட்டிலைக் காகிதப் பையில் மூடி வைத்திருப்பார்கள், பெயரையும் விலையையும் பார்த்து நாக்கு முடிவு பண்ணிவிடக் கூடாது என்பதற்காக. துப்புவதற்கு ஒரு வாளி கூட இருக்கும். முதல் நாள் அதைப் பார்த்து எனக்கு ஒரு மாதிரி இருந்தது, அப்புறம் அதன் அருமை புரிந்தது: ஐந்தாவது ஒயினைச் சுவைக்கும்போதும் தலை தெளிவாக இருந்தால்தான் அது எப்படி இருந்தது என்று சொல்ல முடியும்.

2018-ல் காரைக்குடிக்கே திரும்பி வந்தேன். நம் மாநிலத்தில் 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசு கையில் இருக்கிறது, கடையில் ருசி பார்க்கிற வழக்கம் கிடையாது. அதனால் அந்தச் சனிக்கிழமையை வீட்டிலேயே நடத்த ஆரம்பித்தோம். அயித்தான், இரண்டு பள்ளித் தோழர்கள், பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டர், சில மாதம் அவர் வீட்டம்மா. மாதம் ஒரு தடவை, ஒன்று அல்லது இரண்டு பாட்டில், செலவு சமமாகப் பங்கு. ஒரு பாட்டில் 750 மில்லி; ஆளுக்கு 60 மில்லி ஊற்றினால் பன்னிரண்டு பேருக்குக் கூட வரும், நாங்கள் ஐந்து பேருக்கு இரண்டு சுற்று போதும். வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர் அன்று ராத்திரி எங்கள் வீட்டில்தான் தங்குவார், அதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. வெளிநாட்டு பாட்டில்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் மூலம் வரும். ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டர் அனுமதி, அதாவது இரண்டு பாட்டில் தாராளமாக. மகாராஷ்டிராவின் நாசிக்கில் செய்கிற ஒயின் பாட்டில்களை மதுரை, திருச்சி போகும்போது பார்த்து வாங்கிக்கொள்வோம்.

ஏழு வருஷத்தில் ரெட், ஒயிட், ரோஸ் எல்லாம் பார்த்துவிட்டோம். நம்ம வீட்டுச் சாப்பாட்டோடு சேர்ந்து போகிறது எது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: இனிப்பு இல்லாத ஸ்பார்க்ளிங் ஒயின், அதாவது குமிழ் வருகிற ஒயின், அதிலும் எண்ணெயில் பொரித்த பலகாரத்தோடு. இதை நான் யாரிடம் சொன்னாலும் முதலில் நம்புவதில்லை. ரெட் ஒயின்தான் கறிக்குச் சரி என்று எங்கேயோ கேட்டிருப்பார்கள். ஆனால் ரெட்டில் இருக்கும் துவர்ப்பு நம்ம மிளகாய்க் காரத்தோடு சேரும்போது வாய் காய்ந்து கசந்துபோகிறது, ஆறேழு தடவை முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வெள்ளைப் பணியாரத்தில் ஆரம்பிக்கிறேன். பச்சரிசியும் உளுந்தும் அரைத்து ஊற்றிய பணியாரம், ஓரம் மட்டும் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, சூடாக. ஒரு கடி கடித்தால் எண்ணெய் நாக்கில் ஒரு படலமாக நிற்கும். அப்போது குளிர்ந்த பிரூட், அதாவது இனிப்பு தெரியாத வகை ஸ்பார்க்ளிங், ஒரு வாய். புளிப்பும் குமிழும் அந்தப் படலத்தை அப்படியே வழித்துக்கொண்டு போய்விடும், வாய் சுத்தமாகி உளுந்தின் வாசனை மட்டும் தங்கும், அடுத்த பணியாரத்துக்குக் கை தானாகப் போகும். அன்றைக்கு அயித்தான் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னப்பா, கலர்ல சீனி போட மறந்துட்டானா?" என்றார். இரண்டாவது பணியாரத்துக்கு அப்புறம் அவரே கிளாஸை நீட்டினார். இன்றைக்கு வரை எங்கள் கூட்டத்தில் முதல் பலகாரம் அதுதான்.

தேன்குழல் அதற்கு அடுத்தபடி. அரிசி மாவு, உளுந்து மாவு, உப்பு, எண்ணெய், வேறு பெரிதாக எதுவும் இல்லை. மசாலாச் சீயமும் நன்றாகப் போகும். எலுமிச்சை பிழிந்த மீன் வறுவலுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் குடித்ததில்லை. ஆனால் பணியாரத்தோடு வரமிளகாய்ச் சட்னியைத் தாராளமாகத் தொட்டுக்கொண்டால் கதை மாறிவிடும். குமிழ் காரத்தைத் தணிக்காது, குத்தலை இன்னும் கூட்டும். உப்புக்கறி வைத்த அன்று எல்லோருக்கும் காது வரைக்கும் எரிந்தது. அந்த மாதிரிக் காரத்துக்குக் கொஞ்சம் இனிப்பு உள்ள பாட்டில் வேண்டும், சாராயச் சத்தும் குறைவாக இருந்தால் நல்லது.

இனிப்பில்தான் லேபிள் ஆளை ஏமாற்றும். எக்ஸ்ட்ரா டிரை என்று போட்டிருந்தால் இனிப்பே இருக்காது என்றுதானே நினைப்போம்? அது பிரூட்டை விட இனிப்பு. ஐரோப்பியக் கணக்கில் பிரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைக்குள், எக்ஸ்ட்ரா டிரை 12-லிருந்து 17 வரை, வெறும் டிரை 17-லிருந்து 32, டெமி செக் 32-லிருந்து 50. பிரூட் நேச்சர் என்றால் 3 கிராமுக்கும் கீழே. முதல் வருஷம் இது தெரியாமல் மூன்று பாட்டில் மாற்றி வாங்கினோம். இப்போது இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கந்தரப்பத்துக்குப் பிரூட் ஊற்றவே கூடாது. வெல்லம் தின்ற வாய்க்கு அது வெறும் எலுமிச்சைச் சாறு மாதிரி இருக்கும். ஒயின் பலகாரத்தை விட இனிப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் வழி. கவுனி அரிசி இனிப்புக்கு நாங்கள் இத்தாலியின் மொஸ்காட்டோ தஸ்தி ஊற்றிப் பார்த்தோம், அதில் சாராயச் சத்து 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், குமிழும் மென்மை. அன்று நடந்ததை மறக்க முடியாது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோன டாக்டர் வீட்டம்மா, "அண்ணே, இது பன்னீர் திராட்சை வாசம்ல?" என்றார். அதேதான். கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற நம்ம பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம், அந்த இத்தாலிய ஒயின் மஸ்கட்டில் வெள்ளை ரகம். ஒரே குடும்பம், அதே ரோஜா வாசனை. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் கூட்டத்தில் ஒரு தட்டு நிறைய அதை வைத்து, அந்த ஒயினையும் வைத்து, மாறி மாறி முகர்ந்து பார்த்தோம். சின்ன வயதிலிருந்து தெரிந்த வாசனை ஒன்றை எங்கேயோ தூர தேசத்துப் பாட்டிலில் கண்டுபிடிக்கிற சந்தோஷம் தனி.

குமிழ் எப்படி வருகிறது என்பதும் தெரிந்தால் ருசி இன்னும் பிடிபடும். ஷாம்பெயினிலும் ஸ்பெயினின் காவாவிலும் முதலில் சாதாரண ஒயின் செய்து, பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளிவிடுகிற கரியமில வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினுக்குள்ளேயே கரைகிறது. நம்ம மாவை ராத்திரி பொங்க வைக்கிற அதே வாயு. அப்புறம் செத்த ஈஸ்ட் மாதக் கணக்கில் அடியில் கிடக்கும். காவாவுக்குக் குறைந்தது 9 மாதம், ஷாம்பெயின் மொத்தம் 15 மாதமாவது இருந்தால்தான் வெளியே வரலாம். பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகீழாக்கி, கழுத்தை உறைய வைத்து, அந்த வண்டலைக் கட்டியாகத் தள்ளிவிட்டு மறுபடி மூடுவார்கள். அப்படிக் கிடந்த ஒயினில் காலையில் பேக்கரி வாசலில் வருகிற பன் வாசம் இருக்கும். இத்தாலியின் புரொசெக்கோ பெரும்பாலும் பெரிய தொட்டியிலேயே நுரைக்க வைப்பது, அதில் பன் வாசம் இருக்காது, பேரிக்காய் மாதிரி ஒரு பச்சைப் பழ வாசம். பணியாரத்துக்குப் பாட்டிலில் நுரைத்தது, வெறும் வெயில் நேரத்துக்குப் புரொசெக்கோ, இது என் கணக்கு.

நாசிக் பாட்டில்களைப் பலர் மட்டமாகப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. சூலா என்ற நிறுவனம் 1999-ல் ஆரம்பித்தது, சாண்டன் என்ற இன்னொரு பெயர் 2013-ல் நாசிக்கிலிருந்து வர ஆரம்பித்தது, இரண்டின் பிரூட்டும் பாட்டிலுக்குள்ளேயே நுரைக்க வைத்ததுதான். காகிதப் பையில் மூடி நான்கு தடவை வைத்துப் பார்த்தோம். இரண்டு தடவை எங்களில் மூன்று பேர் நாசிக் பாட்டிலைத்தான் மேலே போட்டார்கள். நல்ல ஷாம்பெயினின் ஆழம் அதில் இல்லை, பன் வாசம் மெலிசு, அதை மறைக்கவில்லை. பணியாரத்தோடு குடிக்க அது தாராளமாகப் போதும்.

இனி நம்மூர் வெயில். செட்டிநாட்டில் ஸ்பார்க்ளிங் குடிப்பதில் பாதி வேலை குளிர வைப்பதுதான். 6-லிருந்து 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும், சித்திரை மாதத்தில் ஊற்றிய பத்து நிமிஷத்தில் கிளாஸ் சூடாகிவிடும். 2019-ல் மச்சான் திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி, ஷாம்பெயின் பாட்டிலைக் கார் டிக்கியில் போட்டு, வழியில் புதுக்கோட்டையில் சாப்பிட்டுவிட்டு வந்து சேர்ந்தார். ஆசை தாங்காமல் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத் திறந்தோம். கம்பியைத் தளர்த்தியதுதான் தெரியும், கார்க் வளவுக்கூரைத் தேக்கில் (வளவு என்றால் எங்கள் பக்கத்து வீடுகளின் முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) போய் அடித்தது, பாதிப் பாட்டில் ஆத்தங்குடிக் கல் தரையில். அந்தப் பாட்டிலுக்குள் ஆறு அட்மாஸ்ஃபியர் அளவுக்கு அழுத்தம் இருக்கும், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். யார் கண்ணிலாவது பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

அன்றிலிருந்து முறை இதுதான். முந்தின நாளே ஃபிரிட்ஜில் படுக்க வைக்க வேண்டும். அவசரமென்றால் அப்பத்தா காலத்துப் பித்தளை வாளியில் பாதி ஐஸ், பாதித் தண்ணீர், இரண்டு கைப்பிடி கல்லுப்பு. பாட்டிலைக் கழுத்து வரை முக்கினால் அரை மணியில் தயார். வெறும் ஐஸை விடத் தண்ணீர் கலந்தது சீக்கிரம் குளிரும், அது பாட்டிலை முழுக்கச் சுற்றிக்கொள்வதால். திறக்கும்போது பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, ஆள் இல்லாத பக்கம் திருப்பி, கட்டைவிரலைக் கார்க்கிலிருந்து எடுக்காமல், ஆறு அரைச் சுற்றில் கம்பியைத் தளர்த்தி, கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருக வேண்டும். 'டப்' என்ற சத்தம் வரவே கூடாது, பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சின்ன 'ஸ்ஸ்' போதும். இப்போது அயித்தான்தான் திறப்பார், அவர் கை எங்கள் எல்லோரையும் விட நிதானம்.

கிளாஸைச் சோப்புப் போட்டுக் கழுவினால் வெந்நீரில் இரண்டு தடவை அலசுங்கள், சோப்பு ஒட்டியிருந்தால் குமிழ் செத்துவிடும். பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். ஒட்டுகிற நுண்ணிய நூலிலிருந்துதான் குமிழ் வரிசையாகக் கிளம்பும். மிச்சம் இருந்தால் பாட்டில் வாயில் வெள்ளிக் கரண்டி போட்டு வைக்கச் சொல்வார்கள், நாங்கள் செய்து பார்த்தோம், ஒரு பிரயோஜனமும் இல்லை. அதற்கென்று இருக்கிற கிளிப் மூடி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் மறுநாளும் குமிழ் நிற்கும்.

வெயில் பட்ட பாட்டிலை வாங்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் கண்ணாடி ஜன்னலோரம் அலங்காரமாக அடுக்கியிருந்ததில் ஒன்று வாங்கினோம், நிறமில்லாத பாட்டில். திறந்தால் வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம், நுரையும் சோர்ந்திருந்தது. திருப்பிக் கொண்டுபோனோம், திறந்ததை மாற்றித் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். வெளிச்சம் ஒயினைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் கவனிக்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது. அலமாரியின் உள்பக்கத்திலிருந்து கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் அயித்தைக்கு இது ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. வளவில் உட்கார்ந்து குடிப்பதா என்று ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை, அதனால் இடத்தை மாடிக்கு மாற்றிக்கொண்டோம், நல்ல நாள் பெரிய நாளில் வைப்பதில்லை என்று முடிவு பண்ணினோம். எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடிந்துவிடும். யாரும் சத்தம் போட்டதில்லை, யாரும் தள்ளாடியதில்லை, அதை அவர் பார்த்தார். இப்போது பணியாரத்துக்கு மாவு அரைத்துத் தருவது அவர்தான், பதம் எங்களுக்கு வராது என்பதால். நாங்கள் என்ன குடிக்கிறோம் என்று மட்டும் கேட்க மாட்டார்.

ஆனியில் மச்சான் வருகிறார், இரண்டு காவா சொல்லியிருக்கிறேன், ஒன்று பிரூட் நேச்சர், ஒன்று டெமி செக். டெமி செக்கை உப்புக்கறியோடு வைத்துப் பார்க்க வேண்டும், போன தடவை பட்ட எரிச்சலுக்கு அது சரியாக வருகிறதா என்று. கறிக்கு மிளகாயைக் குறைக்கச் சொல்லப் போவதில்லை.