கிம்ப் செருகுநிரல்களுக்கு மெசான்: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

படத்திருத்த மென்பொருளான கிம்ப்பின் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வெளிவந்தபின், அதற்குக் கூடுதல் வசதிகள் சேர்க்க சி மொழியில் எழுதிவைத்திருந்த என் பழைய செருகுநிரல்களைப் புதிய ஏபிஐக்கு (செருகுநிரல் கிம்ப்போடு பேசும் இடைமுகத்துக்கு) மாற்ற உட்கார்ந்தேன். நிரலே மாறும்போது, ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்த மேக்ஃபைலையும் (கம்பைல் கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பு) கைவிட்டு, கிம்ப்பே பயன்படுத்தும் மெசான் என்ற பில்டு கருவிக்கு மாறிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மெசான் பைத்தானில் எழுதப்பட்டது. மூல நிரலை இயங்குநிரலாக மாற்றும் கம்பைலரை அது நேரடியாக இயக்குவதில்லை, அதை இயக்கும் நிஞ்சா என்ற கருவிக்கான கட்டளைகளை உருவாக்கித் தருவதோடு சரி. என் செருகுநிரலுக்கான வரையறைக் கோப்பு பதினைந்து வரிகளைத் தாண்டவில்லை. கிம்ப்பின் நூலகங்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவி வழியாக அதுவே கண்டுபிடித்துக்கொள்வதால், மேக்ஃபைலில் நான் கையால் எழுதிவைத்திருந்த நீண்ட பாதைகள் எதுவும் தேவைப்படவில்லை.

நிறுவும் இடத்தில்தான் இதன் அருமை தெரிந்தது. கிம்ப் செருகுநிரல் என்பது தனிச் செயல்முறையாக ஓடும் இயங்குநிரல், 3.0-இல் அது தன் பெயரையே கொண்ட ஒரு துணைக்கோப்புறைக்குள் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மெனுவில் தலைகாட்டாது. பிகேஜி-கான்ஃபிக் தரும் கிம்ப்லிப்டிர் (கிம்ப்பின் நூலகக் கோப்புறைப் பாதை) மதிப்போடு செருகுநிரல் கோப்புறையையும் அந்தப் பெயரையும் சேர்த்து நிறுவுமிடமாகக் கொடுத்தேன். ஒரே வரியில் வேலை முடிந்தது.

ஆனால் முதல் நாள் ஏமாந்தது நான்தான். மங்கலாக்கும் வடிகட்டியை ஒரு பெரிய படத்தின்மீது ஓட்டியபோது முன்னேற்றப் பட்டை ஊர்ந்தது. புதிய ஏபிஐதான் மெதுவானது என்று நினைத்து, படப்புள்ளிகளை வாசிக்கும் பகுதியை அரைநாள் திருத்திக்கொண்டிருந்தேன். மெசானின் இயல்பு அமைப்பு டீபக் (பிழைதேடுவதற்கானது) என்பதும், அதில் நிரலை வேகமாக்கும் கம்பைலரின் மேம்படுத்தல் எதுவும் நடப்பதில்லை என்பதும் பிறகுதான் உறைத்தது. பில்டுடைப் தேர்வை ரிலீஸ் என்று மாற்றி மறுபடி கம்பைல் செய்ததும் பட்டை ஓட்டம் பிடித்தது. ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். படிக்காதது என் தவறு. ஆனாலும் படச்செயலாக்கம் எழுதுபவர்கள் எல்லோருக்கும் முதலில் சொல்லவேண்டிய செய்தி இது.

மூலக்கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியே சேர்க்கவேண்டும், நட்சத்திரக் குறியிட்டு மொத்தமாக அள்ள முடியாது என்ற விதி சிலருக்கு எரிச்சலூட்டும். நிரல் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே கம்பைல் செய்யவும் மெசான் இடம் கொடுப்பதில்லை. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது: கோளாறு வந்தால் பில்டு கோப்புறையை அப்படியே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம், மூல நிரலுக்கு ஒரு கீறலும் விழாது.

வீடியோ மென்பொருட்களுக்கான ஓப்பன்எஃப்எக்ஸ் என்ற தரநிலையில் செருகுநிரல் எழுதுபவர்களுக்கு இதே பரிந்துரையை நான் செய்யமாட்டேன். அந்தத் தரநிலையின் மூலக்களஞ்சியமும் அதிலுள்ள எடுத்துக்காட்டுகளும் சிமேக் என்ற வேறொரு பில்டு கருவியையே சார்ந்திருப்பதால், அங்கே மெசானைப் புகுத்துவது வீண் வேலை. கிம்ப்புக்கு மட்டும் எழுதுகிறவர்கள் பழைய மேக்ஃபைலைத் தயங்காமல் தூக்கிப்போடலாம்.