கட்டி முடித்த பழைய காருக்கு எந்த ஆர்.சி.?

மெட்ராஸில் 1960களில் தயாரான ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, திரும்பக் கட்டி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரோட்டில் இறக்க இரண்டு வழி உண்டு: மிகப் பழைய வண்டிகளுக்கென்றே 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் பதிவு, அல்லது எல்லா வண்டிக்கும் உள்ள வழக்கமான ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிப்பு.

பணத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. விண்டேஜுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மற்றதில், 2025 ஆகஸ்ட் உயர்வுக்குப் பிறகு, 20 வயது தாண்டிய காருக்கு 10,000. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. பத்து வருடக் கணக்கில் ஏறக்குறைய சமம். பசுமை வரி மாதிரி சில்லறைகள் தனி.

வித்தியாசம் ஓட்டுவதில்தான். விண்டேஜ் வண்டியைக் கண்காட்சிக்கும் ராலிக்கும் ஆய்வுக்கும் எடுக்கலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் கொண்டுபோகலாம். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மகாபலிபுரம் போவதெல்லாம் அதில் வராது.

அடுத்த சிக்கல், நீங்கள் செய்த வேலையே. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டினால் மட்டும் போதாது. சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஹெரால்டில் தனி சேஸிஸ் மேல் பாடியை போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினால் சேஸிஸ் அப்படியே இருக்கும். ஃபியட் 1100-ல் பாடியேதான் சேஸிஸ். துருப்பிடித்த தரையை வெட்டி ஒட்டினாலே கேள்வி வரும். டீசல் எஞ்சின் ஏற்றிய அம்பாசடருக்கு விண்டேஜ் பக்கம் வேலையே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி அனுமதி வாங்கி, எஞ்சினை ஆர்.சி.யில் ஏற்றி, வழக்கமான வழியிலேயே போக வேண்டும்.

எந்த வழியானாலும் பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் தேடுவது சேஸிஸ் நம்பரை. பென்சில் தேய்த்துப் பிரதி எடுக்கும்போது இலக்கம் தெளிவாக விழ வேண்டும். பெயின்டர் பட்டி பூசி மூடிவிட்டாலோ, கிரைண்டர் வைத்துவிட்டாலோ தலைவலிதான். வேலைக்கு விடும் முன்பே அந்த இடத்தில் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

பழைய மெட்ராஸ் நம்பர் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஏற்கெனவே பதிவான வண்டி விண்டேஜுக்கு மாறினாலும் அதை வைத்துக்கொள்ளலாம். ‘விஏ’ (VA) என்ற எழுத்துகள் கொண்ட நம்பர் வரிசை, விண்டேஜில் புதிதாகப் பதிவாகிறவற்றுக்கு.

ஓட்ட ஆசைப்படுபவருக்கு என் ஓட்டு சாதாரணப் புதுப்பிப்புக்கே. ராலிக்கு மட்டும் எடுப்பவர், மாற்றம் செய்யாத வண்டி வைத்திருப்பவர் விண்டேஜ் எடுக்கட்டும். ஆர்.சி.யும் இல்லை, பழைய உரிமையாளரும் யாரென்று தெரியவில்லை என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டியை வாங்காதீர்கள்.