வரையாடும் பனையும்: மழலைக்கு எந்தப் பாட்டுப் புத்தகம்?

வரையாடு, மரகதப்புறா, செங்காந்தள், பனை, பலா, 2019-இல் சேர்ந்த தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சி. தமிழ்நாட்டின் இந்தச் சின்னங்களை மூன்று வயதுக்குள் பாட்டோடு காட்ட மூன்று வழிகள்: கெட்டி அட்டைப் புத்தகம், மெல்லிய தாள் புத்தகம், வீட்டிலேயே செய்யும் லேமினேஷன் புத்தகம்.

இரண்டு வயதுக்குள் மெல்லிய தாள் வேண்டாம். கிழிவதாவது பரவாயில்லை, நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின் கழன்றால் நேரே வாய்க்குப் போகும். கெட்டி அட்டை கடியைத் தாங்கும், குழந்தையே புரட்டும். ஆனால் கடையில் கிடைப்பவற்றில் சிங்கமும் ஆப்பிளும்தான் அதிகம்; வரையாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதனால் எங்கள் தேர்வு வீட்டுப் புத்தகம். 15 செ.மீ. சதுரத்தில் ஆறு பக்கம், 125 மைக்ரான் தடிமனுள்ள லேமினேஷன் உறை. படத்தைச் சுற்றி 5 மி.மீ. உறை விட்டு வெட்டுங்கள். தாள் விளிம்போடு வெட்டினால் எச்சில் இறங்கி உறை பிரிந்துவிடும். இடப்பக்கம் 2 செ.மீ. வெற்று உறை விட்டு, துளையை அங்கே போடுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள். கட்டும் கயிறு குட்டையாக இருக்கட்டும்.

எந்தப் புத்தகமானாலும் படத்தைச் சரிபாருங்கள். பனைக்குத் தென்னங்கீற்றை வரைந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பனையோலை விசிறி போல விரியும். வரையாட்டுக்குத் தாடி கிடையாது, கொம்பு பின்னோக்கி வளையும். செங்காந்தளின் ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. மரகதப்புறா மாடப்புறாவின் சாம்பல் நிறத்தில் இருந்தால் அந்தப் புத்தகத்தை விட்டுவிடலாம்.

பாட்டிலும் இரண்டு வகை. வரிமுதல் எதுகை ஆட்டத்துக்கும் மனப்பாடத்துக்கும் நல்லது:

பாறை மேலே யாரு?
ஏறிப் போகுது பாரு!

பேச்சு வரும் பருவத்துக்குப் பெயர் கடைசியில் விழும் பாட்டே மேல்:

பச்சைச் சிறகு, சிவப்பு மூக்கு,
தரையில் நடக்கும்... மரகதப்புறா!

கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தினால் குழந்தை தானே நிரப்பும். முதலில் ‘புறா’ என்று மட்டும்தான் வரும். அதுவே போதும், திருத்த வேண்டாம். ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி, வரிக்கு மூன்று நான்கு சொல். ‘மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளி’ என்று நீட்டினால் தாளம் உடையும், குழந்தை பக்கத்தைப் புரட்டிவிடும்.

வரிசையும் முக்கியம். பனையையும் பலாவையும் முதலில் வையுங்கள். பலாத்தோலின் முள்ளைத் தொட்டுப் பார்க்கலாம், நுங்கைச் சுவைக்கலாம். வரையாடு உயர்மலை விலங்கு, ஆகவே படத்தோடு சரி. அதைப் பின்னால் வைக்கலாம். செங்காந்தளை மட்டும் படத்திலேயே நிறுத்துங்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கில் மிக அதிகம். வேலியில் பூத்திருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கைக்கு எட்டாத தூரத்தில் நின்று காட்டுங்கள்.