ஓடி ஓடிச் செய்யும் தலைவரா, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் தலைவரா?

இலங்கையின் கிழக்கில் நவகிரிக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் எங்கள் விவசாய அமைப்பு, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிந்தது. தலைவரைத் தெரிவு செய்வது நாங்கள்தான். செயலாளராக இரண்டு தலைவர்களோடு வேலை செய்திருக்கிறேன்.

முதலாமவர் எல்லாவற்றையும் தானே ஓடிச் செய்வார். மார்கழி மழையில் வாய்க்கால் கரை உடைந்த இரவு, மண் மூட்டையோடு முதலில் நின்றவர் அவர். கூட்டம், பேச்சு எதுவும் இல்லை. விடியுமுன் கரை அடைபட்டது. ஆனால் பசளை விண்ணப்பம், கமநல சேவை நிலையத்து அலுவல், தண்ணீர் முறை எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தன. காய்ச்சலில் பத்து நாள் படுத்தார். எந்த வாய்க்காலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று சொல்ல ஆளில்லை.

இரண்டாமவர் முறையைக் கொப்பியில் எழுதி, வாய்க்காலுக்கு ஒருவரைப் பொறுப்பாக வைத்தார். ஆரம்பத்தில் இழுபறிதான். பொறுப்பைக் கொடுத்தாரே தவிர முடிவெடுக்க விடவில்லை. தண்ணீரை மறிக்கும் ஒரு மடைப் பலகையைத் தூக்கவும் அவருக்குப் போன் எடுக்க வேண்டும். பிரித்துக் கொடுப்பவர்கள் பலர் விழும் குழி இது. சொன்னோம், கேட்டார். "ஒரு நாள் தண்ணி வரைக்கும் நீங்களே முடிவெடுங்க தம்பி, அதுக்கு மிஞ்சினா எனக்குச் சொல்லுங்க" என்றார்.

பெரும்போகத்தில் மழை கைகொடுக்கும், தலைவரின் குறை தெரியாது. சிறுபோகத்தில் குளத்தில் உள்ளதுதான். போகம் தொடங்குமுன் கூடும் கன்னக் கூட்டத்தில் தண்ணீர்த் திகதி முடிவானதும் முதலாமவர் வழியில் கண்டவர்களுக்குச் சொல்வார். வாய்க்காலின் கடைசி வயல்காரருக்குச் செய்தியும் கடைசியாகத்தான் போகும். இரண்டாமவர் மோட்டார் சைக்கிளை நேரே அந்தக் கடைசி வயலுக்கு விடுவார். சேற்றில் குச்சியைக் குத்தி, ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரலால் அளப்பார். அவருடைய வயல், குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில். இருந்தும் தன் முறையைக் கடைசியில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு இரவில் களவாகப் பலகை தூக்குவது எங்கள் பக்கம் குறைந்தது.

பிழை கண்டால் முதலாமவர் கூட்டத்தில் வைத்தே ஏசுவார். இரண்டாமவர் வரம்பில் தனியே கூப்பிட்டுக் கதைப்பார். ஏச்சு வாங்கிய ஒருவர் பிறகு சிரமதானத்துக்கே வரவில்லை.

என் வாக்கு இரண்டாமவருக்கு. வெள்ளம் வந்தால் முதலாமவர்தான் வேண்டும், அதையும் மனமாரச் சொல்கிறேன். இப்போது மழைக்காலத்துக் கரைக் காவல் அவர் பொறுப்பில். அதைக் கேட்டுக் கொடுத்தவர் இரண்டாமவர்.