ஜோஷ் ஆலனா, லமார் ஜாக்சனா: 2024 பருவத்தின் எம்விபி யாருக்குச் சேர வேண்டியது?

என்எஃப்எல் அமெரிக்கக் கால்பந்தில் ஆண்டின் மிகச்சிறந்த ஆட்டக்காரருக்கு அசோசியேட்டட் பிரஸ் வழங்கும் எம்விபி விருதை, 2024 பருவத்தில் பஃபலோ பில்ஸ் அணியின் ஜோஷ் ஆலன் வென்றார். வாக்களித்த 50 ஊடகவியலாளர்களில் 27 பேர் அவரையும், 23 பேர் பால்டிமோர் ரேவன்ஸின் லமார் ஜாக்சனையும் முதலிடத்தில் வைத்தனர். புள்ளிக்கணக்கு 383-க்கு 362. ஆனால் அதே 50 பேர் பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட கௌரவப் பட்டியலான ஆல் புரோ அணிக்கு, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்தபோது, ஜாக்சனுக்கு 30 வாக்குகளும் ஆலனுக்கு 18 வாக்குகளுமே விழுந்தன. இந்த முரண்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜாக்சன் 4,172 யார்டுகளும் 41 டச் டவுன்களும் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தார். அவர் எறிந்தவற்றில் நான்கு பந்துகளை மட்டுமே எதிரணியினர் பிடித்தனர். ஓடியே 915 யார்டுகள் சேர்த்தார். ஒரே பருவத்தில் எறிதலில் 4,000, ஓட்டத்தில் 900 என்ற இரு எல்லைகளையும் அவருக்கு முன் எவரும் தாண்டியதில்லை. ஆலன் எறிந்தவை 3,731 யார்டுகள், 28 டச் டவுன்கள். ஓடி எடுத்த டச் டவுன்களில் மட்டும் 12-க்கு 4 என அவரே முன்னிலை.

ஆலனின் வலு வேறிடத்தில் இருக்கிறது. முதன்மைப் பந்துபிடிப்பாளர் ஸ்டெஃபான் டிக்ஸை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்ட பிறகு, அணியின் பந்துபிடிப்பாளர்களில் எவரும் 1,000 யார்டுகளை எட்டாத நிலையிலும் அவர் 13 வெற்றிகளைப் பெற்றுத் தந்தார். டிசம்பர் 1 அன்று கொட்டும் பனியில் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக அவர் எறிந்த பந்தைச் சக வீரர் அமாரி கூப்பர் பிடித்து அவரிடமே திருப்பித் தட்டிவிட, அவரே கோட்டைக் கடந்து, எறிந்தவர், பிடித்தவர் என இரு கணக்கிலும் அந்த டச் டவுனைச் சேர்த்துக்கொண்டார். ஜாக்சனுக்கோ, 1,921 யார்டுகள் ஓடிய டெரிக் ஹென்றியின் துணை இருந்தது.

ரேவன்ஸின் ஐந்து தோல்விகளையும் ஜாக்சனின் கணக்கில் எழுதுவதுதான் நியாயமற்றது. கிளீவ்லாந்தில் அவர் அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்த பிறகு, எதிரணி எறிந்து கைக்கு வந்த பந்தை ரேவன்ஸின் தடுப்பாட்டக்காரர் கைல் ஹாமில்டன் நழுவவிட்டார். அதைத் தொடர்ந்து எதிரணி எடுத்த டச் டவுனில் ஆட்டம் 29-24 எனக் கைவிட்டுப் போனது. அப்போது ஜாக்சன் களத்திலேயே இல்லை. இருவரும் நேருக்கு நேர் மோதிய செப்டம்பர் ஆட்டத்தில் ரேவன்ஸ் 35-10 என வென்றது. ஜனவரியில், பருவத்துக்குப் பிந்தைய பிளேஆஃப் சுற்றில் பில்ஸ் 27-25 எனப் பழிதீர்த்தது உண்மையே. ஆனால் இந்த விருது வழக்கமான பருவ ஆட்டங்களுக்கு மட்டுமே உரியது. என் வாக்கு ஜாக்சனுக்கே.