மென்பொருள் வேலையில் எனக்கு அதிகம் கற்றுத் தந்த கருவி: கிட்

கல்லடியில் வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் நான், நாள் முழுவதும் திறந்து வைத்திருக்கும் கருவி கிட். நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்ற குறிப்போடு இது சேமித்து வைக்கிறது. அப்படிச் சேமிக்கும் ஒவ்வொரு பதிவும் ஒரு கொமிட். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலை எழுதுவோர் பயன்படுத்திவந்த, இதே வகைக் கருவியான பிட்கீப்பரின் இலவச அனுமதி 2005இல் விலக்கப்பட்டபோது லினஸ் டோர்வால்ட்ஸ் மாற்றாக எழுதிய இந்தக் கருவி, இன்றும் காசில்லாமல் கிடைக்கிறது.

திட்டத்தின் முழு வரலாறும் நம்முடைய கணினியிலேயே இருப்பதால் இணையம் இல்லாமலும் வேலை நடக்கும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, ரவுட்டர் அணைந்துகிடக்க, மடிக்கணினியின் பற்றரி தாங்கிய வரை எழுதி எழுதிக் கொமிட் செய்துவிட்டு, கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவைத்தேன்.

ஆனால் நான் இதற்குக் கடமைப்பட்டிருப்பது வேறொரு காரணத்துக்காக. எங்கள் கணக்கியல் மென்பொருளில் சில பற்றுச்சீட்டுகளின் மொத்தம் ஒரு சதம் பிசகுகிறது என்று ஒருநாள் முறைப்பாடு வந்தது. மூன்று மாதங்களுக்கு முன் கணக்குச் சரியாக இருந்தது. இடையில் ஏறத்தாழ ஆயிரம் கொமிட்டுகள். பைசெக்ட் என்ற கட்டளைக்குச் சரியான கொமிட் ஒன்றையும் பிழையான கொமிட் ஒன்றையும் காட்டினால், அது நடுவிலுள்ளதை எடுத்துத் தரும். சோதித்துச் சரி, பிழை என்று சொல்லச் சொல்ல ஒவ்வொரு முறையும் பாதி கழிந்துவிடும் என்பதால், ஆயிரத்தைப் பத்துச் சோதனைகளில் கடந்துவிடலாம். அரை மணி நேரத்தில் பிழையைக் கொண்டுவந்த கொமிட் அகப்பட்டது. கழிவைக் கழித்தவுடன் செய்யவேண்டிய, தொகையைக் கிட்டிய சதத்துக்கு மட்டந்தட்டும் வேலையை, வற் வரியைச் சேர்த்த பின்புக்கு மாற்றியிருந்தது அந்தக் கொமிட். எழுதியவன் நான். குறிப்பில் இருந்தவை இரண்டே சொற்கள்: ‘சரி செய்தேன்’.

எதைச் சரி செய்தேன், யார் கேட்டார்கள் என்பது நினைவில் இல்லை. பழையபடி மாற்றினால் வேறு எவருடைய கணக்கு உடையும் என்றும் தெரியவில்லை. பழைய மின்னஞ்சல்களைத் தேடியும் சக பொறியியலாளர்களை விசாரித்தும் காரணத்தைக் கண்டறிய இரண்டு நாட்கள் சென்றன. அன்றிலிருந்து முதல் வரியில் என்ன மாற்றம் என்பதையும், ஒரு வரி இடைவெளி விட்டு, அது ஏன் தேவைப்பட்டது, எந்த வழியைக் கைவிட்டேன் என்பவற்றையும் எழுதாமல் நான் கொமிட் செய்வதில்லை. வேலையில் எனக்குக் கிடைத்த மதிப்பில் பெரும் பங்கு இந்தக் குறிப்புகளால் வந்தது என்றே நம்புகிறேன்.

ஒரு வரியைக் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் பிளேம் என்ற கட்டளையின் பெயர் குற்றம் சாட்டுவதுபோல ஒலித்தாலும், யாரிடம் விளக்கம் கேட்கலாம் என்று அறிவதற்கே நான் அதைப் பயன்படுத்துகிறேன். பழைய கொமிட்டுக்குத் திரும்பும் ரீசெட் கட்டளையைத் தவறுதலாகக் கொடுத்து வேலையை இழந்தவர்களுக்கு, நாம் இருந்த கொமிட்டுகளைக் குறித்துவைக்கும் ரெஃப்லொக் கைகொடுக்கும். இயல்பான அமைப்பில் அப்படிக் கைவிடப்பட்டவை 30 நாட்கள் வரை அதில் தேடக் கிடைக்கும். கொமிட் செய்யாததை மட்டும் அது மீட்டுத் தராது.

குறைகளும் உண்டு. ஒரே திட்டத்தில் தனித்தனியாக வளரும் கிளைகளுக்கிடையே மாறுவதற்கும் கோப்பின் மாற்றங்களை அழிப்பதற்கும் செக்கவுட் என்ற ஒரே கட்டளையை வைத்திருந்தது புதியவர்களை மிகவும் வருத்தியது. 2019இல் ஸ்விட்ச், ரெஸ்டோர் என்று பிரித்த பின்னரே அது தெளிவானது. வீடியோ போன்ற பெரிய கோப்புகளைச் சேர்த்தால் வரலாறு பருத்து, தரவிறக்குவதே பாடாகிவிடும்.

என்னிடம் பயிற்சிக்கு வரும் தம்பி தங்கையரை முதல் வாரத்தில் நிரல் எழுதச் சொல்வதில்லை. பழைய திட்டமொன்றின் வரலாற்றைத் திறந்து, ஏதேனும் ஒரு மாற்றம் ஏன் செய்யப்பட்டது என்று தேடிவரச் சொல்கிறேன். அந்த ‘சரி செய்தேன்’ கொமிட்டும் அதில் அப்படியே இருக்கிறது.