எட்டு வருடப் பழக்கம்: பாரிஸ் சமன்பாடும் சின்ன விரிசல்களும்

எட்டு வருடமாகப் பாரிஸ் சமன்பாட்டோடு குடித்தனம் நடத்துகிறேன். அதன் நல்லது கெட்டது இரண்டையும் சொல்ல இது போதும் என்று நினைக்கிறேன்.

திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையில், ஒரு சுற்றுக்கு விரிசல் எவ்வளவு நீளும் என்று சொல்வதுதான் அதன் வேலை. விரிசல் முனையில் குவியும் தகைவு, அதாவது உள்ளே எழும் அழுத்தம், ஒரு சுற்றில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் தகைவுச் செறிவு வீச்சை (டெல்டா கே) ஒரு அடுக்குக்கு உயர்த்தி ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும், அவ்வளவே. பல உலோகங்களில் அந்த அடுக்கு 3-ஐ ஒட்டியே வரும். பால் பாரிஸ் 1960களின் தொடக்கத்தில் இதைச் சொன்னார். லாக் (மடக்கை) அளவு போட்ட வரைபடத் தாளில் புள்ளிகள் நேர்கோட்டில் வந்து உட்காருவதை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்தது. சில மில்லிமீட்டர் நீள விரிசல் என்றால் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுப்பேன்.

சிக்கல் அதற்குக் கீழே இருக்கிறது. அடுக்கு 3 என்று வைத்து, விரிசல் 10 மி.மீ. ஆகும் வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மி.மீ.க்குப் பதிலாக 0.1 மி.மீ.யில் தொடங்கினால் ஆயுள் நான்கு மடங்குக்கு மேல் வருகிறது. ஆக, ஆயுளின் பெரும்பகுதி விரிசல் கண்ணுக்குத் தெரியாத காலத்திலேயே கழிகிறது. அந்தக் காலத்தைத்தான் சமன்பாடு தப்பாகச் சொல்கிறது, அதுவும் ஆபத்தான பக்கமாக. "இந்த வீச்சில் விரிசல் நகரவே நகராது" என்று வாசல் மதிப்பு (விரிசல் நகரத் தேவையான குறைந்தபட்ச வீச்சு) அடித்துச் சொல்லும் இடத்தில் சின்ன விரிசல் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருக்கும். கிரெயின் (உலோகத்தின் நுண்படிகம்) எல்லை வந்தால் தயங்கும், சில நேரம் அங்கேயே நின்றுவிடும், தாண்டிவிட்டால் மறுபடி வேகம். நீண்ட விரிசலுக்குப் பின்னால் நெளிந்த உலோகம் கிடக்கும். இழுவிசை இருக்கும்போதே அது விரிசலின் வாயை மூடிவிடுகிறது என்று எல்பர் 1970 வாக்கில் காட்டினார். பிறந்த குழந்தையான சின்ன விரிசலுக்கு அந்தச் சுமையும் இல்லை, காப்பும் இல்லை.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன், ஆனால் நம்ப வைத்தது ரெப்ளிகா எடுக்கும் வேலை, அதாவது சோதனைத் துண்டின் மேற்பரப்பைத் தாளில் அச்செடுப்பது. இயந்திரத்தை நிறுத்து, அசிட்டோன் சொட்டு, அசிட்டேட் தாளை ஒட்டு, காயவிடு, உரி, எண் போடு. பொறுமையைச் சோதிக்கும் வேலை, அசிட்டோன் வாசனை வேறு. ஆனால் சோதனைத் துண்டு உடைந்தபின் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனால், ஆரம்பத் தாள் ஒன்றில் ஒரு அந்நியத் துகளை ஒட்டி மயிரிழைபோல அது கிடக்கும். முதல் நாள் அதே தாளை நான்தான் "ஒன்றுமில்லை" என்று எழுதி வைத்திருப்பேன்.

தினசரிக் கணக்குக்கு எல் ஹடாட் குழு 1979-இல் சொன்ன திருத்தத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். விரிசல் நீளத்தோடு ஒரு கற்பனை நீளத்தைக் கூட்டிவிடுவது. வாசல் வீச்சு 5 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர், விரிசலில்லாத பொருள் உடையாமல் தாங்கும் தகைவு வீச்சு 300 மெகாபாஸ்கல், வடிவக் காரணி 1 என்றால் அது 0.09 மி.மீ. அளவு வரும். இயற்பியலாகப் பார்த்தால் ஒட்டுப்போட்ட வேலை, வாய்விட்டே சொல்வேன். கிரெயின் எல்லையில் விரிசல் தயங்குவது இதில் தெரியவே தெரியாது. ஆனாலும் ஆயுளை மிகையாகச் சொல்லும் தப்பு வெகுவாகக் குறைகிறது. விரிசல் மூடலையும் சேர்த்துப் பார்க்கும் நிரல்கள் இன்னும் நன்றாகச் சொல்கின்றன, ஆனால் அவை கேட்கும் உள்ளீடுகளைத் திரட்டுவதற்குள் ரெப்ளிகாவே எடுத்துவிடலாம் என்று தோன்றும்.

இப்போதெல்லாம் அறிக்கையில் ஆயுளை ஒரே எண்ணாக எழுதுவதில்லை. பொருளில் பார்த்த ஆகப்பெரிய துகளைத் தொடக்க விரிசலாக வைத்து ஒரு கணக்கு, சராசரித் துகளை வைத்து இன்னொன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்னமும் "இதில் எது சரி?" என்றுதான் கேட்கிறார்கள்.